தூண்டில் முள்ளில் ஒரு ரப்பர்

பள்ளிக்கூடத்துக்குத் தூண்டில் எடுத்துப் போன ஆறு வயதுப் பிள்ளையை நான் திட்டியிருக்க வேண்டுமா, கூடாதா? ஒரு வாரமாகிறது, எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

செம்பூரில் என் மகளின் வகுப்பில், வீட்டில் இருப்பதிலேயே பழைய விளையாட்டுச் சாமானைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் பம்பரமும் பொம்மையும் எடுத்துப் போக, இவள் ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேல்தட்டிலிருந்த பவுடர் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். டப்பாவைச் சுற்றித் தங்கூசி நரம்பு, நுனியில் ஈயக்கட்டி, முள். என் அப்பாவின் தூண்டில். மத்தியானமே பள்ளியிலிருந்து போன் வந்தது. போனதும் டப்பாவோடு ஒரு தாளையும் நீட்டினார்கள். அதில் இரண்டு வரி. ஆபத்தான பொருளை அனுப்பியதற்கு வருந்துகிறேன் என்று ஒன்று. இத்தகைய பழக்கங்களிலிருந்து பிள்ளையை விலக்கி வைப்பேன் என்று மற்றொன்று. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிற ஆள். தடுப்பூசி அட்டையை லேமினேட் செய்து வைத்திருப்பவள். பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போதுதான் முள்ளின் நுனி கண்ணில் பட்டது. அதில் ஒரு துண்டு ரப்பர் குத்தியிருந்தது. பென்சில் எழுத்தை அழிக்கிற, ஸ்ட்ராபெர்ரி வாசனை ரப்பர். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நாளை தருகிறேன் என்று தாளை மடித்து எடுத்து வந்துவிட்டேன்.

ரப்பர் வாசனையோடு தூண்டில் இரைக்கான இறால் வாடையும் சேர்ந்துவிட்டால் எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை. அப்போது தாராவியில் இருந்தோம். அப்பா லேத் பட்டறையில் ஃபிட்டர். ஆராதனை முடிந்து சபையார் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே, அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று நாலு பேரும் டிராம்பே பஸ்ஸுக்கு ஓடுவோம்.

"மெதுவாப் போவும்வே, மீனு எங்கயும் போயிராது!" என்பார் சபையாரில் ஒருவர்.

"போயிரும்வே!" என்று ஓடிக்கொண்டே கத்துவார் அப்பா.

பஸ் நெரிசலில் யாரையும் குத்திவிடக் கூடாதென்று, அண்ணன் என் ரப்பரைப் பிய்த்து முள்ளில் சொருகுவான். ஒருநாளும் அவனுடையதை எடுத்ததில்லை. திங்கட்கிழமை என் கணக்கு நோட்டு முழுக்க இறால் வாடையடிக்கும்.

டிராம்பே ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், பாஸ்கர் காகா என்கிற மராத்தி மீனவர் தன் படகை ஞாயிறு மட்டும் எங்களுக்குத் தருவார். கழிமுகத்தில் சதுப்புக்காட்டு ஓரமாய் நங்கூரம் போட்டு உட்காருவோம். அம்மாவுக்குத்தான் மீன் அதிகம் படும். இன்றுவரை அப்பா இதை ஒப்புக்கொண்டதில்லை.

ஒரு ஞாயிறு, பளபளவென்று தூண்டில் கம்புகளோடு இரண்டு பேர் ஜெட்டியில் நின்றார்கள். "அங்கிள், ஹமே பி லே சலோ." எங்களையும் கூட்டிப்போங்கள் என்று கேட்டவர்களை அப்பா ஏற்றிக்கொண்டார். அடுத்த வாரம் ஆறு பேர் வந்தார்கள். "பட்டறையில இரும்ப ராவுததுக்கு இதையே செய்யலாம்லா?" என்றாள் அம்மா. இப்படித்தான் காகாவின் படகு எங்களுடையதாகி, ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போவது எங்கள் தொழிலானது. என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்தப் படகுதான்.

அப்புறம் வந்தது அந்தக் கொடுவா மீன். வந்தவர்களுக்கு நாலு மணி நேரமாக ஒன்றும் படவில்லை. கை சும்மா இருக்காமல் அப்பா தன் நரம்பைத் தண்ணீரில் விட்டார். பட்டது, ஒரு கைப்பிள்ளை கனத்துக்கு. "ஏளா, பாரு!" என்று அம்மாவை நோக்கி அவர் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கொக்கெல்லாம் எழும்பின. வந்தவர்களில் ஒருவர், "பைசா ஹம்னே தியா, மச்லி ஆப்கோ?" என்றார். காசு கொடுத்தது நாங்கள், மீன் உங்களுக்கா என்று. அவர்கள் அப்புறம் வரவேயில்லை.

அன்றைக்கு அம்மா சட்டம் போட்டாள். "வந்தவங்க முள்ளு தண்ணியில கெடக்கும்போது நம்ம முள்ளு நனையப்பிடாது."

சரியான சட்டம்தான். ஆனால் ஆட்கள் அதிகம் வருவதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மீன் என்றால் பைத்தியமான குடும்பம், ஊரார் முள்ளில் இறால் கோத்துக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தது. பவுடர் டப்பா அலமாரி மேல் ஏறியது. நான் கல்யாணமாகிச் செம்பூர் வந்தபோது அப்பா அதை என் பெட்டிக்குள் வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது அண்ணன் படகை ஓட்டுகிறான். வீட்டிலிருந்தபடி புக்கிங் எழுதுவது நான்.

தாளைப் பார்த்த என் கணவர், "எதுக்கு வம்பு, போட்டுக் குடுத்துட்டு வா" என்றார். அப்பாவுக்குப் போன் செய்து இரண்டு வரியையும் வாசித்தேன்.

"முள்ளுல என்னமும் சொருகியிருந்தாளா?"

"ரப்பர்ப்பா."

"அப்பம் அவளுக்குப் பழக்கம் வந்துட்டுல்லாம்மா. இனி எங்க வெலக்க?"

மறுநாள் முதல் வரிக்குக் கையெழுத்துப் போட்டேன். கூர்மையான சாமான் வகுப்புக்குப் போனது என் தப்பு. இரண்டாவது வரியைக் குறுக்கே அடித்துவிட்டேன். "மேடம், இது ஃபார்மட், மாத்தக் கூடாது" என்றார் டீச்சர். "மாத்தல மேடம், அடிச்சிருக்கேன்" என்றேன். கோடு நேராக விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்து புக்கிங் நோட்டில் அடுத்த மாதத்து முதல் ஞாயிற்றை மறித்தேன். அண்ணன் போனில் கத்தினான். "ஏட்டி, அன்னைக்கு ஆளு கேக்காங்க, யாரு புக் பண்ணிருக்கா?"

"நாமதான்."

காகா இப்போது இல்லை. ஜெட்டியின் பாசி பிடித்த கற்படிகளும் இல்லை, சிமெண்ட் பூசியாயிற்று. நாலு பேரும் நாலு நரம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானங்கள் போனதற்கு மட்டும் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. அவற்றை நாங்களேதான் வாடகைக்கு விட்டோம்.

அவளைக் கூட்டிப்போகலாமா என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. கூட்டிப்போகிறேன். இரண்டு லைஃப் ஜாக்கெட் வாங்கி, இரண்டையும் மூன்று முறை போட்டுப் பார்த்தாயிற்று. பிள்ளை வளர்த்தவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். முதல் மீன் பட்டு நரம்பு இழுக்கும்போது, பின்னால் நிற்கிற அம்மா பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா, கையை எடுத்துவிட வேண்டுமா? தெரிந்தவர்கள் அந்த ஞாயிற்றுக்குள் எனக்கு எழுதுங்கள்.