முகத்தை மறைத்த வீடியோ

திருப்பதியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. டிபி நோயைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டும். நோட்டீஸ் கொடுத்தால் அதில் வேர்க்கடலையை மடித்துக்கொண்டு போனார்கள். பட்டவர்கள் வாயால் சொன்னால்தான் ஜனம் நம்பும், ஒரு சொந்தக் கதை கொண்டு வா என்று மேலதிகாரி தெலுங்கில் விரட்டினார்.

சொந்தக் கதை என்னிடமே இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கே டிபி வந்து, ஆறு மாதம் மாத்திரை விழுங்கிக் குணமானேன். புகுந்த வீட்டில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அதனால் அடுத்தவள் கதையைத் தேடிப் போனேன்.

தமிழ்நாட்டு எல்லையோரம் நாகலாபுரம் பக்கத்தில் ஒரு அக்கா அகப்பட்டாள். கூலி வேலை, புருஷன் இல்லை, ஒரே மகள். டிபி வந்து சரியாகியிருந்தது. முதலில் மறுத்தாள்.

"பொண்ணுக்கு வரதய்யபாளையத்துல சம்பந்தம் பேசிக்கினு கீறோம். வேணாம் மேடம்."

முகத்தை மறைத்துவிடுவோம், பேரும் வராது என்று தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தேன். பேசினாள். ரத்தமாகத் துப்பியதை, தனித்தட்டில் சாப்பிட்டதை, மகளைக் கிட்டவே சேர்க்காமல் படுத்துக் கிடந்ததை அவள் சொல்லச் சொல்ல, வீடியோ நன்றாக வருகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் குஷி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் குஷிதான்.

தமிழ் பேசும் ஊர்களில் அதைப் போட்டதும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சளி பரிசோதனைக்கு டப்பா வாங்கினார்கள். ஆபீசில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தத் திமிரில் வரதய்யபாளையத்திலும் திரையைக் கட்டினேன். சம்பந்தம் பேசும் ஊர் என்பது மறக்கவில்லை. முகம்தான் தெரியாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தினமும் போனில் சீர்வரிசை பேசியவளுக்கு அந்தக் குரல் தெரியாதா? பாதியில் எழுந்து போனாள். மறுநாளே சம்பந்தம் வேண்டாமென்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு அந்த அக்கா வீட்டுப் பக்கம் நான் எட்டிப் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து, வீடு வீடாகப் போய் நோய் விசாரிக்கும் அக்கா ஊர் ஆஷா பணியாளர்தான் என்னைக் கூப்பிட்டாள். மகள் விடாமல் இருமுகிறாள், தாய் பரிசோதனைக்கு விடமாட்டேன் என்கிறாள், நீங்கள் வந்து சொல்லுங்கள் என்றாள். இருவரும் போனோம். வாசலிலேயே நிறுத்திவிட்டாள் அக்கா. உள்ளே அந்தப் பெண் இருமுவது கேட்டது.

"சளி மட்டும் குடுத்தா போதும்க்கா. இப்பவே பாத்தா சரியாயிடும்."

"சரியாவும். அப்பறம்? இது வந்தவளை எவன் கட்டிக்கினான்? ஒருத்தியைக் காட்டு மேடம். காட்டு, இப்பவே இட்டுக்கினு வரேன்."

காட்ட வேண்டியவள் கழுத்தில் தாலியோடு அவள் எதிரிலேயே நின்றிருந்தாள். ஆனால் பக்கத்தில் நின்ற ஆஷா பணியாளர் என் மாமியாருக்குச் சொந்தம். இங்கே வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் என் வீட்டு அடுப்படிக்குச் சேதி போய்விடும்.

"நிறைய பேர் இருக்காங்கக்கா" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

தை பிறப்பதற்குள் அந்தப் பெண் செத்துப்போனாள். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என் வீட்டில் நாலு நாள் சண்டை நடந்திருக்கும். அவ்வளவுதான்.