எட்டாம் நம்பரின் மூன்றாவது ஃபவுல்

இராஜபாளையத்தில் பாஸ்கெட்பால் பார்க்கிற யாரைக் கேட்டாலும் ஜெபதுரையைத் தெரியும் என்பார்கள். ஆனால் அவர் ஆடி ஒருத்தரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் டீமில் இருந்தார், மூன்று வருடமும் பெஞ்சுதான். சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று பி.டி. வாத்தியார் ஸ்கோர் ஷீட்டைக் கையில் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த பேனாவை மனுஷன் ஐம்பத்து மூன்று வயதாகியும் கீழே வைக்கவில்லை. பகலில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நவம்பர் பிறந்து பொங்கல் வரைக்கும், பள்ளிக்கூட மேட்சோ காலேஜ் மேட்சோ, மேசைக்கு நடுவில் அவர்தான் இருப்பார்.

யார் எத்தனை பாயின்ட் போட்டார்கள், யார் மேல் எத்தனை ஃபவுல் என்று குறிப்பது அவர் வேலை. ஒருத்தருக்கு ஐந்து ஃபவுல் ஆகிவிட்டால் அதோடு அந்த ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதுதான். அதனால் எந்தக் கோச்சும் மேசையோடு சண்டைக்கு வராமல் இருக்க மாட்டார். ஜெபதுரை உட்கார்ந்திருந்தால் மட்டும் சண்டை கிடையாது. "அவிய எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று திரும்பிப் போய்விடுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் இருந்த பெருமை இருக்கிறதே, அது கொஞ்சநஞ்சம் இல்லை!

அந்தப் பெருமைதான் ஆளைக் கவிழ்த்தது.

போன டிசம்பரில் பெண்கள் பள்ளிகளுக்கான ஃபைனல். இராஜபாளையம் டீமும் ஸ்ரீவில்லிபுத்தூர் டீமும் மோதின. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு எல்லாமே எட்டாம் நம்பர் யுவராணிதான். ப்ளஸ் டூ படிக்கிற பெண். அவள் ஆட்டத்தைப் பார்க்கவென்றே ஒரு காலேஜ் கோச் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிடித்துப்போனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு, ஃபீஸ் கிடையாது. இது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், ஜெபதுரைக்கும் தெரியும்.

மூன்றாவது குவார்ட்டர் நடந்துகொண்டிருந்தபோது சிறப்பு விருந்தினர் வந்தார். அவருக்கு அவசரமாம், அடுத்த விழாவுக்குப் போக வேண்டுமாம். ஆட்டத்தை நிறுத்தாமலேயே பொன்னாடை போர்த்த ஆரம்பித்துவிட்டார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! மைக்கில், "முப்பத்தஞ்சு வருஷமா ஒரு தப்புக்கூட வராம எழுதி வரும் நமது ஜெபதுரை அவர்களுக்கு..." என்று முழங்கினார்கள். எழுதுகிற வேலையை விட்டுவிட்டு இவரும் எழுந்து கைகூப்பி நின்றார். சால்வை தலை வழியாக இறங்கியது. அந்த நேரம் பார்த்து விசில் கேட்டது. ரெஃபரி விரலைக் காட்டி நம்பர் சொல்லி முடித்துவிட்டார். சால்வையை விலக்கிப் பார்க்கையில் யுவராணிதான் எதிரே நின்றாள். செத்த நேரம் நிறுத்தி ரெஃபரியைக் கேட்டிருக்கலாம். இத்தனை பேர் கைதட்டுகிறபோது எப்படிக் கேட்பது? எட்டுக்கு நேரே சிவப்புப் பேனாவால் மூன்றாவது ஃபவுலைப் போட்டுவிட்டார்.

கடைசிக் குவார்ட்டரில் அவளுக்கு நாலாவது ஃபவுல் என்று மேசையில் நம்பர் அட்டையைத் தூக்கியபோதே, அவள் மூன்று விரலைக் காட்டித் தலையை ஆட்டினாள். ஆட்ட வேகத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு நிமிடம் பாக்கி இருக்கையில் ஐந்து என்று அட்டை எழும்பியது. பெண் மேசைக்கே ஓடிவந்துவிட்டாள்.

"சார், எனக்கு நாலுதான். நான் எண்ணிக்கிட்டே இருக்கேன் சார். நல்லாப் பாருங்க."

ஜெபதுரை ஷீட்டைப் பார்த்தார். மூன்றாவது, நாலாவது குவார்ட்டருக்கு வேறு வேறு கலர் பேனா. எட்டுக்கு நேரே மூன்றாவதுக்கான சிவப்பில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது எப்போது எழுதியது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. விசில் ஊதியபோது பந்துக்குப் பக்கத்தில் அவள் டீமின் ஏழாம் நம்பர்ப் பெண்ணும் நின்றதும் ஞாபகம் வந்தது. சால்வை இன்னும் தோளில் கிடந்தது.

"ஷீட்ல அஞ்சு இருக்கும்மா" என்றார், தலையைத் தூக்காமல்.

"பொய் சார்!" என்று அவள் கத்தினாள். அவளுடைய கோச்சே வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனார். "ஏட்டி, அவிய எழுதினா தப்பா இருக்காது, வா" என்றார். இரண்டு பாயின்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் தோற்றது. முன்வரிசைக் கோச், "நல்லா ஆடுது, ஆனா வாய் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது ஜெபதுரை காதில் விழுந்தது.

வீட்டில் மனைவி ஏசம்மாள் சால்வையை மடித்து பீரோவில் வைக்கப்போனாள். "அங்கிட்டு எங்கயாவது போடு" என்று எரிந்து விழுந்தார். அந்த ஞாயிறு சர்ச்சில், பொய்யை வைத்துக்கொண்டு அப்பமும் ரசமும் வாங்க மனசு வராமல், திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. அடுத்து வந்த காலேஜ் போட்டிகளில் ஒவ்வொரு விசிலுக்கும், "எந்த நம்பர் சார்?" என்று மூன்று தடவை கேட்டார். "என்ன அண்ணாச்சி, கண்ணாடி மாத்தணுமோ?" என்று ரெஃபரிகள் கேலி செய்தார்கள். சிரித்து மழுப்பினார். தன்னை நினைத்தாலே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

பொங்கல் கழிந்த மறுவாரம் ஒரு கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். யுவராணியின் அப்பா சிவபாண்டி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பார்த்ததும் பதறி எழுந்துவிட்டார்.

"அடடே, சாரா! வாங்க, உக்காருங்க. நானே வரணும்னு இருந்தேன். அம்புட்டுப் பேருக்கு முன்னால உங்களைப் பொய்னு சொல்லிட்டாளே, அன்னைக்கே நாலு சாத்து சாத்தினேன். இனி பந்தும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு நிறுத்திட்டேன். ஏட்டி, இங்க வா. சார்கிட்ட மன்னிப்புக் கேளு."

யுவராணி வந்து நின்றாள். அன்றைக்கு மேசைக்கே ஓடிவந்து தட்டிக் கேட்ட பெண்ணா இது?

"தப்புத்தான் சார். நாந்தான் தப்பா எண்ணிட்டேன்போல" என்றாள்.

ஜெபதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. செருப்பால் அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"நீ சரியாத்தான் எண்ணுனம்மா. அந்த மூணாவது உன்னோடது இல்ல. நாந்தான் உன் பேர்ல போட்டுட்டேன். இந்தா, பாஸ்கெட்பால் சங்கத்துக்கு லெட்டர் எழுதிருக்கேன். அந்தக் காலேஜ் கோச்சுக்கும் ஒரு காப்பி குடுத்து, நேர்ல பேசப் போறேன்."

சிவபாண்டி மகளைப் பார்த்தார்.

"நான் சொன்னேன்லப்பா" என்றாள் அவள். "அடிக்க அடிக்கச் சொன்னேன்ல."

சிவபாண்டி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். ஒரு தடவை படித்து, மறுபடியும் முதலில் இருந்து படித்தாள்.

"சார், 'கவனக்குறைவால் நேர்ந்த பிழை'ன்னு எழுதிருக்கீங்க. நான் மேசைக்கு வந்து கேட்டேன்ல, அப்பவும் உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிடத்தான் நாக்கு முதலில் எழுந்தது. அதை நினைத்து அவருக்குக் காதெல்லாம் சுட்டது.

"தெரியும்மா."

"இதுல அது இல்லையே சார்."

ஒரு மாசம் உட்கார்ந்து எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் இதையும் மறைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். பிழை திருத்த வந்த யோக்கியர்! பேனாவை எடுத்தார். யுவராணி ஒரு நோட்டைக் கொண்டுவந்து அடியில் வைத்துக்கொள்ளக் கொடுத்தாள். 'அந்தப் பெண் வந்து கேட்டபோது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். எழுதி முடிக்கிறவரை அவள் பக்கத்திலேயே நின்றாள். அதை வாங்கி ஒவ்வொரு வார்த்தையாகச் சரிபார்த்த பிறகுதான், அவருக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள்.