எதிர்வீட்டு மெஷினுக்கு வந்த மெக்கானிக்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் என் கணவர் வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறார். போன் எடுப்பது நான். நெட்டில் விளம்பரம் கொடுக்கப் போனபோது, எந்தச் சொல்லைத் தேடினால் எங்கள் பெயர் வரவேண்டும் என்று பிரவுசிங் சென்டர்காரர் கேட்டார்.

"வாஷிங் மெஷின், பெங்களூருன்னு போடுங்க. பக்கத்துலதானே, பெரிய ஊரு" என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன்.

அதன்பின் போன் ஓயவில்லை. புது மெஷின் என்ன விலை, எந்த கம்பெனி நல்லது என்றே பாதிப் பேர் கேட்டார்கள். தமிழிலும் கன்னடத்திலும் பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

ஒருநாள் பெங்களூரிலிருந்து நிஜமாகவே ஒரு ரிப்பேர் வேலை வந்தது. டூல் பையோடு பஸ் மாறி மாறிப் போன என் கணவரிடம், "பக்கத்துலயே ஆள் கிடைச்சுட்டாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

சாயங்காலம் அவர் சோர்ந்து திரும்பியபோது, எங்கள் எதிர்வீட்டிலிருந்து வேறொரு மெக்கானிக் கர்நாடக நம்பர் பைக்கில் கிளம்பிக்கொண்டிருந்தார். அங்கே புதிதாகக் குடிவந்த பெண்ணிடம் விசாரித்தேன்.

"மெஷின்ல தண்ணி வெளிய போவலக்கா. எங்க வீட்டுக்காரரு கம்பெனி கம்ப்யூட்டர்ல மெஷின் ரிப்பேர், ஓசூர்னு அடிச்சுப் பார்த்தாரு. பார்டர் தாண்டி அத்திப்பள்ளி ஆளுதான் வந்தாரு. அண்ணன் மெக்கானிக்கா? தெரியாதேக்கா!"

என் கணவர் பையை இறக்கி வைத்தார்.

இப்போது எங்கள் விளம்பரத்தில் பெங்களூரு இல்லை. ரிப்பேர், தண்ணீர் போகவில்லை, டிரம் சுற்றவில்லை, ஓசூர், மத்திகிரி, அவ்வளவுதான். போன் குறைவாகத்தான் அடிக்கிறது. அடித்தால் மறுமுனையில் ஈரத்துணியோடு ஒருவர் நிற்கிறார். எதற்கும் இருக்கட்டுமென்று, தெருவில் யார் குடிவந்தாலும் பால் காய்ச்சும் அன்றே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.