பட்டிப் பொங்கலன்று அண்ணா சுட்ட நாம்பன்

1977 ஜனவரி 15, சனிக்கிழமை, காலை ஆறு நாற்பது. வடமேல் காற்று, மெல்லிய தூறல், பதினெட்டுப் பாகை. அந்த நேரத்தில்தான் எங்கள் அண்ணா முதலும் கடைசியுமாகத் தன் கையால் ஓர் உயிரைக் கொன்றார். நினைவு மலரில் இதையா எழுதுவது என்று அண்ணாவின் பிள்ளைகள், என் பெறாமக்கள், கேட்கிறார்கள். கண்ட மூவரில் நான் மட்டும்தான் மிச்சம். எனக்கும் எண்பத்திரண்டு.

அண்ணா புலோலியில் பிறந்தவர், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஐயா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. எங்கள் நால்வரையும் படிப்பித்தது அவரே. 1973இல் மெல்பேணுக்கு வந்து, டண்டினொங் தொழிற்சாலையொன்றில் இரவும் பகலும் உழைத்துச் சேர்த்ததையெல்லாம் ரொன் என்ற வெள்ளைக்காரரின் மாட்டுப் பண்ணையில் பங்காகப் போட்டார். பண்ணை இருந்தது மூன்று நாள் கப்பல் தூரத்தில், அவிந்துபோன எரிமலைத் தீவொன்றில். கறுத்த மண், முழங்காலளவு புல். உண்ணி கிடையாது. ஆகவே மாட்டுக்கு மருந்தில்லை, புல்லுக்கு உரமில்லை. அப்படிப்பட்ட இறைச்சிக்குச் சிட்னியில் ஒரு வியாபாரி கூடுதல் விலை கொடுத்தார்.

அண்ணா மச்சம் தொடாத சைவர். மாடுகளைக் கப்பலில் ஏற்றியதும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். கொல்வது வேறு ஊரில், வேறு ஆட்கள். கணக்கெழுத நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு ஒரு செல்லப்பிள்ளை இருந்தது. தாய்ப்பசு மலையிலிருந்து விழுந்து செத்ததால் குசினியில் வைத்துப் போத்தல் பால் கொடுத்து வளர்த்த காளைக் கன்று, எங்கள் பேச்சில் நாம்பன். இரண்டரை வயதில் அது அண்ணாவின் தோள் உயரம்.

ரொன் எச்சரித்தார். "மற்ற நாம்பன்கள் உன்னைக் கண்டால் ஓடும். அதனால்தான் நீ உயிரோடு இருக்கிறாய். இது உன்னையும் ஒரு நாம்பன் என்று நினைக்கிறது. விதையை எடுத்துவிடு."

அண்ணா என் பக்கம் திரும்பினார். "நந்தியாரை நலமடிக்கச் சொல்லுறான், விசரன்."

பட்டிப் பொங்கலன்று பால்மாவில் பொங்கினோம். தீவில் பூத்த மஞ்சள் களைப்பூவை மீன்பிடி நைலோனில் கோத்து மாலை கட்டினார். திருநீறு பூசிவிட்டு மாலையைப் போட அருகில் போனார். நாம்பன் தலையைத் தாழ்த்தியது. கும்பிடுகிறது என்று நினைத்து நானும் கைகூப்பினேன்.

அடுத்த கணம் அண்ணா கல்வேலியில் கிடந்தார். நாம்பன் முன்னங்காலை மடித்து, நெற்றியால் அவரைக் கருங்கல்லோடு வைத்து அரைத்தது. விலா எலும்புகள் முறிகிற சத்தம் கேட்டது. நான்கு. நான் மண்வெட்டியால் அதன் முகத்தில் அடித்தேன். அது அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தது. கொம்பு தொடைக்குள் இறங்கியது. தூக்கி எறிந்தது, விழுந்ததும் மறுபடி குத்தித் தூக்கியது.

ரொன் துவக்கோடு ஓடிவந்தார். நானும் நாம்பனும் ஒன்றாகச் சுழன்றதால் அவருக்குக் குறி பிடிபடவில்லை. அண்ணா எழும்பி வந்து துவக்கைப் பறித்தார்.

"அண்ணை, சுடுங்கோ!"

"அசையாதை, தம்பி!"

முதல் குண்டு கீழ்த்தாடையைப் பிய்த்தது. பல்லும் இரத்தமும் என் முகத்தில் தெறித்தன. இரண்டாவது கழுத்தில் பட்டது. அது என்னைப் போட்டுவிட்டு முழங்காலில் விழுந்து, கத்த வாயில்லாமல் மூச்சு விட்டது. அண்ணா கிட்டப் போய்க் காதின் பின்னால் குழலை வைத்தார்.

"போ ராசா," என்றார். மூன்றாவது.

மருந்து நுழையாத தீவில் மனிதனுக்கும் மருந்தில்லை. கடல்நீரைக் காய்ச்சிக் கழுவி, சாக்கு ஊசியால் என் தொடையைத் தைத்தார் அண்ணா. இருபத்தாறு தையல். அதற்குள் ரொன் கத்தியோடு வந்துவிட்டார்.

"நானூறு கிலோ. முதல் தரம்."

"தொட்டுப் பார்," என்றார் அண்ணா. துவக்கு பக்கத்திலேயே கிடந்தது.

"இதை மட்டும் ஏன்? இதுவரை கப்பலில் ஏற்றினாயே, அவையெல்லாம் யார்?"

அண்ணா நாம்பனை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துப் போய்க் கடலில் தள்ளினார். சுறாக்கள் வந்தன. இந்த முறை அவர் முதுகைக் காட்டவில்லை.

ஒன்பதாம் நாள் கப்பல் வந்தது. ஏற்றுவதற்கு முப்பத்தெட்டு மாடுகள் நின்றன. அண்ணா பட்டிக் கதவைத் திறக்க மறுத்துவிட்டு, என்னைத் தோளில் சாய்த்தபடி ஏறினார். ஐந்து வருடத்துக்குள் விலகினால் பங்காகப் போட்ட நாலாயிரத்து இருநூறு டொலரும் திரும்பாது என்பது ஒப்பந்தம். ரொன் எழுதியபடியே நடந்தார். அதில் பிழை சொல்ல முடியாது.

பின்னர் சிட்னியில் பால் பரிசோதனைக்கூடமொன்றில் இருபத்துநான்கு வருடம் வேலை செய்தார். அன்று கல்வேலியில் நசுங்கிய இடது கை தோளுக்கு மேல் எழும்பாமலே அண்ணியோடு மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் அவரது கடைசிப் பதினொரு நாளும் பார்த்த தாதியருக்கும், முறைவைத்துச் சோறு கொண்டுவந்த குவேக்கர்ஸ் ஹில் உறவினருக்கும், தேவாரம் பாடியோருக்கும், இன்று ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் அண்ணாவுக்கு நல்ல தெளிவு. என் தடியைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாத்தையும் எண்ணுவாய். உந்தக் காலுக்கு என்ன விலை போட்டனி?"

"போடேல்லை, அண்ணை."

"எழுது. ஒரு சதமும் வீண்போகேல்லை. நாலாயிரத்து இருநூறு டொலர்."