ஆள்காட்டி கத்திய இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கட்டிச் சொல்லும் கதை இல்லை. ஒரகடத்துக்குப் பக்கத்தில், வடக்குப்பட்டு எல்லையில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியின் பின்பக்கம் நடந்தது. இசைவாணி என்ற பெண்ணுக்கு நடந்தது. அவள் வாயால் பலமுறை கேட்டேன். ஒருமுறைகூட அவள் பேச்சு மாறவில்லை. நம்பப் பிடிக்காதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். கடைசிவரை படித்துவிட்டு நமுட்டுச் சிரிப்பு சிரிக்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

இசைவாணிக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். மின்னணுச் சாமான் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. மற்ற பெண்கள் தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தால், இவள் மொட்டை மாடிக் கம்பியில் உட்காரும் கரிச்சானை எடுத்துக்கொண்டிருப்பாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் குளிக்கும் மைனா, குப்பையைக் கிளறும் தவிட்டுக்குருவிக் கூட்டம், ஏசி பெட்டிக்குப் பின்னால் கூடு கட்டிய சிட்டு. எல்லாம் தினமும் கண்ணில் படுகிற பறவைகள்தான். காக்காயைக்கூட விடமாட்டாள். இந்த விடுதியில் நினைத்த நேரத்துக்கு வெளியே போய் வருகிறது அது ஒன்றுதான் என்பாள்.

கையில் இருந்தது ஒரு சாதாரணப் போன். அந்தப் போனுக்கும் தினம் ஒரு சடங்கு உண்டு. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி கேமரா கண்ணின்மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி அழுத்துவார். உள்ளே நடப்பது எதுவும் படமாகி வெளியே போகக்கூடாதாம். ஷிப்ட் முடிந்து வந்த பிறகு நாமே உரித்துக்கொள்ள வேண்டும். நைட் ஷிப்ட் பார்த்துத் தூக்கத்தில் தள்ளாடி வருகிறவர்கள் அதை உரிக்க மறந்துவிட்டு, கேமரா கெட்டுப்போச்சு என்று புலம்புவது அங்கே வாடிக்கை.

இனி ஜாஸ்மின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாஸ்மின் நாசரேத்துப் பெண். இசைவாணியின் அறையில் பக்கத்துக் கட்டில். மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் செகண்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினாள், இறங்கினாள், அறைக்கு வந்து சேரவில்லை. இசைவாணிக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் வந்து பார்த்தால் கட்டில் விரித்தது விரித்தபடி கிடக்கிறது.

பஸ் விடுதி வாசலுக்கு வர வேண்டும். திருப்ப இடம் போதாது என்று டிரைவர் வளைவிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். பெண்கள் பின்பக்கத்து வெற்று மனை வழியாகக் குறுக்கே நடப்பார்கள். அங்கே விளக்கு கிடையாது. புதுக் கட்டடத்துக்கு செப்டிக் டேங்க் கட்டத் தோண்டிய குழி ஒன்று, மூடியும் இல்லாமல் வேலியும் இல்லாமல், குளியலறைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. புகார் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஜாஸ்மின் காணாமல் போன மறுநாள் காலை ஒரு ஜேசிபி வந்து, இடிந்த செங்கல்லையும் ஜல்லியையும் கொட்டி அதைச் சமப்படுத்திவிட்டுப் போனது. ஒருவழியாக மூடினார்களே என்று பெண்களுக்கு நிம்மதி. இசைவாணிக்கும்தான்.

வார்டன் கோமதியம்மாளும் தென்காசிப் பக்கத்துக்காரி. நம்ம ஊர் ஆள் என்று நம்பித்தான் பெற்றவர்கள் பெண்களை அங்கே விட்டிருந்தார்கள். அந்த அம்மாள் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டாள்.

"எவன்கூடயோ ஓடிட்டா. நீ போய்ப் படுட்டி."

கம்பெனி ஆபீஸில் நிவாஸ் என்ற அதிகாரி, 'சொல்லாமல் ஓடிவிட்டாள்' என்று கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. போலீஸும் அதையே எழுதிக்கொண்டது. ஜாஸ்மினின் அம்மா ஊரிலிருந்து ரயிலேறி வந்து, கம்பெனி வாசலில் வெயிலில் நின்றார். பொண்ணை ஒழுங்கா வளர்த்திருக்கணும் என்று அவரிடமே சொல்லி அனுப்பினார்கள். அழக்கூட இல்லையாம் அந்த அம்மா. எம்பிள்ள அப்படிப் போறவ இல்ல என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுப் போனாராம். இசைவாணிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள்.

ஏப்ரலில், குழியை மூடிய அந்த ஜல்லித் திட்டின் ஓரத்தில் ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டது.

ஆள்காட்டியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மஞ்சள் கால், கறுத்த கழுத்து, மூக்கோரம் சிவப்பு. கூடு கட்டாது. வெறும் கல்லுக்கு நடுவில் முட்டையிடும். மனித வாடை பட்டால் போதும், ஊரைக் கூட்டிவிடும். எங்கே ஆள் இருக்கிறது என்று கத்திக் காட்டிக்கொடுப்பதால்தான் அந்தப் பெயர்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் வராததுமாக இசைவாணி பின்பக்கம் போனாள். நன்றாக விடிந்து வெளுத்திருந்தது. குருவி கத்தி விரட்டப்போகிறது என்று தள்ளி உட்கார்ந்தாள். கத்தவில்லை. கொஞ்சம் நெருங்கினாள். அப்போதும் சத்தமில்லை. முட்டையின்மேல் உட்கார்ந்தபடி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

பிறகு திட்டின் நடுப்பக்கம் பார்த்துக் கத்தியது.

கிட்டிட்டீ... கிட்டிட்டீ... கிட்டிட்டீ...

அங்கே நாயும் இல்லை, பூனையும் இல்லை. வெறும் ஜல்லி. குருவி எழும்பிப் போய் அந்த வெற்றிடத்தைக் கொத்துவதுபோல் பாய்ந்தது. இசைவாணி மளமளவென்று படம் எடுத்தாள்.

அறைக்கு வந்து பார்த்தாள். படத்தில் குருவி இல்லை. முட்டையும் இல்லை. எல்லாம் மங்கிய சிவப்பு. அந்தச் சிவப்புக்குள் தூரத்தில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கம்பெனி தொப்பி, கம்பெனி கோட்டு.

யாரோ குறுக்கே போயிருக்கிறாள் என்று நினைத்துப் போனைத் திருப்பினாள். கேமரா கண்ணின்மேல் ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது.

சுவரை எடுத்துப் பார்த்தாள். இருட்டு. ஜன்னலை எடுத்தாள். இருட்டு. ஸ்டிக்கர் ஒட்டிய போனில் எது விழும்?

மறுநாள் ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் போனாள். குருவி விழுந்தது, முட்டை விழுந்தது, ஜல்லி விழுந்தது. வேறொன்றும் இல்லை. சரி என்று எழுந்தவளுக்கு மனம் கேட்கவில்லை. உரித்த ஸ்டிக்கரைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மறுபடி ஒட்டினாள். ஒரு படம் எடுத்தாள்.

படத்தில் அந்தப் பெண் கிட்டத்தில் நின்றாள்.

இப்போது முகம் இந்தப் பக்கம். ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கிய தண்ணீர் மாதிரி ஏதோ. வலது கை நீண்டிருந்தது. ஆள்காட்டி விரல் தரையைக் காட்டியது.

குருவிக்கும் விரலுக்கும் ஒரே பெயர் என்பது அப்போதுதான் தன் மண்டையில் உறைத்தது என்றாள் இசைவாணி. இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் போகாமல் இருந்திருக்கலாம். போனாள். மணி ஆறே முக்கால். சாலையில் லாரிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. விடுதியில் யாரோ பக்கெட்டை உருட்டினார்கள்.

திட்டின் ஓரத்தில் குந்தினாள். சத்தமெல்லாம் நின்றது.

லாரி இல்லை. பக்கெட் இல்லை. காக்காய்கூட இல்லை.

குருவி எழுந்து நின்றது. திட்டின் நடுவைப் பார்த்தது. அதன் தலை மெல்லத் திரும்பியது... யாரோ நடக்கிறார்கள், அதைத் தொடர்கிறது என்பதுபோல... இடப்பக்கம்... இன்னும் இடப்பக்கம்...

இசைவாணியைத் தாண்டி நின்றது பார்வை.

அவள் முதுகுக்குப் பின்னால்.

கிட்டிட்டீ... கிட்டிட்டீ...

கழுத்தில் ஈரம் பட்டது. ஒரு சொட்டு. சோப்புத் தண்ணீர் நாற்றம்.

திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டிய போனை மட்டும் தோளுக்கு மேலே தூக்கிப் பின்பக்கமாகப் பிடித்தாள்.

க்ளிக்.

பார்த்தாள்.

படம் முழுக்க ஒரு கை. கோட்டின் கைப்பட்டையில் லைன் வேலையில் சாலிடர் சூடு பட்டு விழுந்த ஓட்டை. நீல நூலால் தைத்திருந்தது.

அந்த நூலை ஜாஸ்மினுக்குக் கொடுத்ததே இசைவாணிதான்.

எவ்வளவு நேரம் பயந்தாய் என்று கேட்டேன். மாடிப்படி ஏறுகிற வரைக்கும் என்றாள். மேலே வந்ததும் பயம் போய்விட்டது. கோபம் ஒன்றுதான் இருந்தது. ஒரு மாதமாக எல்லோரும் ஜாஸ்மின் தலைமேல் நடந்து அறைக்கு வந்திருக்கிறார்கள். ஓடிப்போனவள் என்று பேசிக்கொண்டே நடந்திருக்கிறார்கள்.

கோமதியம்மாளிடம் போய், திட்டைத் தோண்ட வேண்டும் என்றாள். அந்த அம்மாள் முகம் வெளிறியது. பிறகு சிரித்தாள். குருவி கத்துகிறது என்று எவளாவது குழி தோண்டுவாளா, தூக்கம் கெட்டால் இப்படித்தான் பைத்தியம் பிடிக்கும் என்றாள். நிவாஸுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அவர் நிதானமாகப் பேசினார்.

"இதோ பாரும்மா, உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

"வேண்டாம்" என்றாள் இசைவாணி. வார்டனின் போனை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

அறை அறையாகக் கதவைத் தட்டினாள். படத்தைக் காட்டினாள். சிலர் பார்த்துவிட்டு அலறினார்கள், சிலர் பார்க்க மறுத்தார்கள். ஆனால் எல்லோரும் வந்தார்கள். கட்டட வேலை நடக்கிற இடத்தில் கடப்பாரையும் மண்வெட்டியும் கிடந்தன. இறங்கியவர்கள் எல்லாம் ஊரில் மண் வெட்டிச் சுமந்து வளர்ந்த பெண்கள். கடப்பாரை பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோமதியம்மாள் குறுக்கே வந்து கையை விரித்து நின்றபோது, இருவர் பேசாமல் தூக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை பேர் அத்தனை கிட்டத்தில் தோண்டினார்கள். முட்டைக்கு இரண்டு முழத் தூரம்தான் இருக்கும். அந்தக் குருவி ஒருமுறைகூடக் கத்தவில்லை.

நீல நூல் முதலில் தெரிந்தது.

அதன் பிறகு போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார், கேமராக்காரர்கள் வந்தார்கள். ஜேசிபி ஓட்டியவரைப் பிடித்து விசாரித்தார்கள். உள்ளூர்க்காரர். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு சொன்னாராம்.

"தண்ணி மேல ஒரு செருப்பு மெதந்துகினு இருந்துச்சு சார். வார்டன் அம்மாகிட்ட சொன்னேன். நாய் இஸ்துகினு வந்திருக்கும், நீ மூடுன்னாங்க."

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை எழுத இங்கே இடம் போதாது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஜாஸ்மினின் கோட்டுப் பையில் அவள் போன் இருந்தது. சேறு ஏறி, கண்ணாடி நொறுங்கி, உயிரே இல்லாமல் இருந்தது. அதிலிருந்த மெமரி கார்டை ஆய்வுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் இன்ஸ்பெக்டர் இசைவாணியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். ஜாஸ்மினின் அம்மாவும் வந்திருந்தார். மூன்று படங்களை மேசையில் பரப்பினார்கள்.

மூன்றிலும் இசைவாணி. குந்தியபடி, போனைப் பிடித்துக்கொண்டு. தலைக்குமேல் வெளுத்த வானம். எல்லாம் தரைக்குக் கீழேயிருந்து மேலே பார்த்து எடுத்தவை. தேதி ஏப்ரல் மாதம். அந்த மூன்று காலைகள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது வேறு. தோண்டி எடுத்தபோது அந்தப் பெண் இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கம்பெனி வக்கீல் அந்தத் தேதியைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டார். ஏப்ரலில் அவள் போனில் படம் எடுத்திருக்கிறது, ஆகவே ஏப்ரலில் அவள் உயிரோடு இருந்திருக்கிறாள், மார்ச்சில் ஓடிப்போனது உண்மை, திரும்பி வந்து எப்படியோ செத்ததற்குக் கம்பெனி பொறுப்பில்லை. இப்படி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். செத்த பிறகும் அந்தப் பெண்ணை ஓடிப்போனவளாகவே வைத்திருக்க அவர்களுக்கு மனம் வந்தது.

இன்ஸ்பெக்டர் மூன்றாவது படத்தை இசைவாணி பக்கம் நகர்த்தினார். குரல் இறங்கியிருந்தது.

"அப்போ இத யாரும்மா எடுத்தது?"

இசைவாணி ஜாஸ்மினின் அம்மாவைப் பார்த்தாள். அவர் படத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரு எடுத்ததுன்னு உங்களுக்கும் தெரியும் சார். என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க. அவ ஓடிப்போனான்னு மட்டும் எழுதாதீங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மற்ற இரண்டு படங்களையும் மேசையில் கவிழ்த்து வைத்தார்.