மனசில் வைத்துக்கொள்ளாத கல்

இடுக்கியில் வைரத்தைப் பிடித்து, வாயருகே கொண்டுபோய் ‘ஹா’ என்று ஊதுகிறார் கல்லக்கா. படிந்த ஆவி கண்ணிமைக்கும் நேரத்தில் மறைகிறது. “பாத்தீங்களா? மனசுல எதையும் வச்சுக்காது. அதான் கல்யாணத்துக்கு வைரம்!” எதிரே நிற்கும் ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறது. வியாபாரம் முடிந்தது.

நகைக்கடையில் கல் பிரிவு அவருடையது. பக்கத்து வெள்ளிப் பிரிவு என்னுடையது. நாள் முழுக்க அவர் பேச்சுதான் என் காதில். மாணிக்கம் என்றால் துணிச்சலாம், நீலம் வாக்குத் தவறாதாம், வைரம் எதற்கும் அசையாதாம். பயந்த சுபாவக்காரர் வந்தால் அக்கா நீலத்தை எடுத்துக் காட்டவே மாட்டார். “அவருக்கு சிவப்புதான். முதல்ல பொண்டாட்டிகிட்ட வாயத் திறக்கட்டும்!” கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே கடை முழுக்கத் தேடுகிற அக்கா, கடுகளவு கல் கீழே விழுந்தால் சத்தத்தை வைத்தே இடம் சொல்லிவிடுவார்.

போன வாரம் அந்தப் பேச்சே வினையாக வந்து நின்றது. நிச்சயத்துக்கு வாங்கிய மோதிரத்தோடு ஒரு பெண் வந்தாள்; அழுது கண் சிவந்திருந்தது. குழாயில் இடித்து வைரத்தின் ஓரம் தெறித்துவிட்டதாம். கூட வந்த வருங்கால மாமியார் மேசையைத் தட்டிப் பொரிந்து தள்ளினார். “அசையாதுன்னு சொல்லித்தானே வித்தீங்க? கல்யாணத்துக்கு முன்னாடியே உடைஞ்சிருக்கு. இந்த சம்பந்தமே வேணாம்னு தோணுது.”

அக்கா அசரவில்லை, மேசையைத் தட்டிய விரலிலேயே அவர் கண் இருந்தது.

“கீறல் விழாதும்மா. ஆனா ஓரத்துல அடிபட்டா தெறிக்கும். நான்தான் அதைச் சொல்லியிருக்கணும். பொண்ணு மேல பழி போடாதீங்க. உங்க மோதிரத்தைக் கொஞ்சம் கழட்டுங்க.”

அந்த அம்மாவின் கண்ணருகே லென்ஸைப் பிடித்தார். அவருடைய வைரத்தின் ஓரத்திலும் ஒரு தெறிப்பு.

“இது என் கல்யாண மோதிரமாச்சே... எப்ப ஆச்சு?” குரல் இறங்கிவிட்டது.

“அதுகூடத் தெரியாமத்தானே இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கீங்க? அப்புறம் என்னம்மா!”

பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா அவளுடைய மோதிரத்தைத் துணியால் துடைத்தார். வழக்கம்போலத் தான் ஊதாமல், அதை அந்த அம்மாவின் வாயருகே நீட்டினார்.

அந்த அம்மா முறைத்தார். பிறகு ‘ஹா’ என்று ஊதினார். ஆவி மறைந்ததும் மோதிரத்தை வாங்கி, பெண்ணின் கையை இழுத்து விரலில் மாட்டிவிட்டார்.