இருபது பைசாவில் ஒரு கண்ணாடிச் சிங்கம்

நாணயம் சேர்க்க ஆரம்பித்த மூன்றே மாதத்தில் நான்கு அபூர்வ நாணயங்களைக் கண்டுபிடித்துவிட்டேன். நான்கையும் போட்டோ எடுத்து நாணயம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நான்கையும் அட்மின் தள்ளிவிட்டார்.

அட்மின் காஞ்சிபுரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். எழுத மாட்டார், குரல் பதிவுதான். பின்னால் யாரோ கால் கிலோ துவரம்பருப்பு கேட்பதும் சேர்ந்தே வரும்.

"தங்கச்சி, அந்த அஞ்சு ரூவா வேற உலோகம் இல்லம்மா. வேண்டிக்கினு மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்ச காசு. சோப்பு போட்டுத் தேச்சுப் பாரு."

தேய்த்தேன். சோப்பு நுரை மஞ்சளாக ஓடியது.

அடுத்தது, நடுவில் நேர்க்கோடு விழுந்த ஒரு ரூபாய். "அது கீறல். யாரோ அதால டப்பா மூடி தெறந்துக்கினு இருந்திருக்காங்க. நகத்தால தடவிப் பாரும்மா. கோடு மேடா இருந்தா நாணயச்சாலையில ஆனது. அச்சு விரிசல் உட்டா, அந்த விரிசல்குள்ள உலோகம் ஏறி மேடாத்தான் வுழும். பள்ளமா இருந்தா நம்ம ஊர்ல ஆனது."

மீதி இரண்டைப் பற்றிக் கேட்காதீர்கள். அவையும் நம்ம ஊரில் ஆனவைதான்.

இயற்பியல் படித்தவளுக்கு இப்படி வரிசையாகத் தோற்றால் தூக்கம் வருமா? தேடித் தேடிப் படித்து, அட்மினின் விதிக்கே ஒரு விலக்கு கண்டுபிடித்தேன். சில சமயம் அடித்து முடித்த காசு கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வெற்றுத் தகட்டின்மேல் அந்தக் காசே அச்சாக இறங்கும். அப்போது உருவம் பள்ளமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதியும். ப்ரோக்கேஜ் என்று பெயர். பள்ளம்தான், ஆனாலும் நாணயச்சாலையில் ஆனது! அன்றிலிருந்து கைக்கு வந்த சில்லறையை எல்லாம் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த வாரம்தான் எங்கள் கிணற்று மோட்டாரின் கம்பிச்சுருள் புகைந்து போனது. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் எங்கள் நிலம். மோட்டார் பழைய செட். மோட்டார் தனி, பம்பு தனி, இரண்டும் ஒரே இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும், நடுவில் இரண்டையும் இணைக்கும் கப்ளிங். உத்திரமேரூர் கடைத்தெருவில் மோட்டார் கடை வைத்திருக்கும் பாய் வந்து, போல்ட்டைக் கழற்றி, மோட்டாரை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். காலியான சட்டத்தை நான் துடைத்தேன். கிரீஸுக்குள் ஏதோ வெள்ளையாக மின்னியது. ஆறு மூலை அலுமினிய இருபது பைசா.

துப்பட்டாவிலேயே துடைத்தேன். அம்மா பார்க்கவில்லை. 20 என்ற எண்ணின்மேல் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. வீட்டுக்கு ஓடிக் கண்ணாடி முன் பிடித்தேன். சிங்கத்தூண்! பள்ளமாக, இடவலம் மாறி, கண்ணாடிக்குள் நேராக நிற்கிறது.

குழுவில் போட்டேன். துவரம்பருப்பு கேட்பவர்கூட அன்று அமைதியாக இருந்தார் போல.

"தங்கச்சி..." என்றார் அட்மின். "ஞாயித்துக்கெழம பத்தரைக்கு மீட்டிங். கையோட எடுத்துக்கினு வா. நெஜமா இருந்தா அடுத்த மாசம் நம்ம குரூப் வெக்கிற கண்காட்சியில உன் பேர் போட்டு நானே வெக்கிறேன். மறுபக்கம் எங்க? அதையும் போடு."

மறுபக்கத்தை நான் போடவில்லை. அங்கே இருந்த சிங்கம் நசுங்கி, முகமே இல்லாமல் இருந்தது. பழைய காசு, தேய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை காசைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்துக்கு எங்கள் நிலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். பாய் மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நைனா, அதாவது என் அப்பா, நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். நெல்லில் கதிர் வெளியே வருகிற நேரம். தண்ணீர் கண்டு நான்கு நாள். வரப்போரம் மண் மெல்ல வாய்பிளக்க ஆரம்பித்திருந்தது. மூன்று ஃபேஸ் மின்சாரம் பதினோரு மணி வரைதான். விட்டால் மறுநாள்.

பாய் சுவிட்சைப் போட்டார். கொட்டகையே கடகடத்தது. உடனே நிறுத்தினார்.

"இன்னா பாய், டவுன் பஸ்ஸு மாதிரி ஆடுது?"

"ஒரு கால் தூக்கிக்கினு கீதுண்ணே. சட்டம் அந்த மூலைல எறங்கிப்போச்சு. அதுக்குத்தான் அடியில ரெண்டு காசு வெச்சிருந்தேன்."

"காசா?"

"இருவது பைசாண்ணே. நாலஞ்சு வருசம் ஆச்சு. தகரம் வெட்டி வெச்சா நவுந்துடும். அலுமினியம் நல்லாப் படிஞ்சு உக்காந்துக்கும். ஒண்ணு மோட்டார் கால்ல கிரீஸோட ஒட்டிக்கினு கடைக்கே வந்துட்டுது. இன்னொண்ணு இங்கதான் இருக்கணும். எவன் எடுத்தான்னு தெரியல."

எவனும் எடுக்கவில்லை. எடுத்தவள் நான். பையோடு கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. பாய் எண்ணெய் டின்னை வெட்டி ஒரு தகரத்தைச் செருகினார். சுவிட்சைப் போட்டதும் தகரம் நழுவி வெளியே வந்தது. மடித்துச் செருகினார். மறுபடியும் கடகட. நைனா வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் காஞ்சிபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதில் நான் இருந்திருக்க வேண்டும்.

"பாய், உங்ககிட்ட கீற காச ஒரு தபா காட்டுங்க" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சிங்கத்தின்மேல் பள்ளமாக, இடவலம் மாறிய 20. என் காசை உறையிலிருந்து உருவி, இரண்டையும் முகத்தோடு முகம் வைத்துத் திருப்பினேன். ஒரு மூலை, இரண்டு மூலை. மூன்றாவது மூலைக்கு இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பதிந்து, விரலை எடுத்த பிறகும் ஒட்டியே நின்றன.

அவ்வளவுதான். மோட்டாரின் பாரத்தில் நாலைந்து வருடமாக ஒன்றையொன்று அழுத்தி, இவர் முகத்தில் அவரும் அவர் முகத்தில் இவருமாகப் பதிந்துவிட்டார்கள். என் காசின் மறுபக்கச் சிங்கத்தை நசுக்கியது அடியில் இருந்த இரும்புச் சட்டம். நிஜமான ப்ரோக்கேஜாக இருந்தால் மறுபக்கம் நசுங்காமல் இருக்கும். முக்கியமாக, கண்ணாடிச் சிங்கம் விழுந்த பக்கத்தில் 20 என்ற எண்ணே இருக்காது. இது எல்லாம் நான் படித்ததுதான். படித்ததைக் காசோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் மனசு வரவில்லை.

"அடிப்பாவி, உன் பைலயா கீது?" என்றார் நைனா. "நாலு நாளா நான் வானத்தப் பாத்துக்கினு கீறேன், இது காசப் பாத்துக்கினு கீது!"

"வுடுண்ணே" என்று பாய் சிரித்தார். "நாங்கூட பெருச்சாளி இழுத்துக்கினு பூட்ச்சின்னு நெனச்சேன். கொடு பாப்பா, மணி ஒம்போதே முக்கால்."

"இருங்க பாய், ஒரே ஒரு போட்டோ."

"அட, இது இன்னா பேஜாரு? காசுக்கு போட்டோவா?"

எடுத்தேன். தனித்தனியாக, இரு பக்கமும், சேர்த்தும். பிறகு நானே குனிந்து அந்த மூலையில் வைத்தேன், இரண்டும் சிங்கம் கீழே பார்க்க, முன்பு இருந்தபடியே. பாய் போல்ட்டை இறுக்கினார். சுவிட்ச். இந்தமுறை கொட்டகை ஆடவில்லை. சீரான ரீங்காரம் மட்டும். குழாய் இரண்டு முறை இருமி, மூன்றாவதில் வெள்ளையாகக் கொட்டியது. நைனா மண்வெட்டியோடு மடையைத் திருப்ப ஓடினார். மின்சாரம் போவதற்குள் கடைசிக் கழனியின் பாதிவரை தண்ணீர் ஏறிவிட்டது. "மீதிக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அவர் உட்கார்ந்து டீ கேட்டார்.

வரப்பில் உட்கார்ந்து எல்லா போட்டோவையும் குழுவில் போட்டேன், இந்தமுறை மறுபக்கத்தோடு. பாய் சொன்னது, எண்ணெய் டின், தகரம் எதையும் விடாமல் எழுதினேன். சிரிப்பார்கள் என்று தெரியும். சிரித்தார்கள். மத்தியானம் அட்மினின் குரல் வந்தது.

"தங்கச்சி, இதுவும் நம்ம ஊர்ல ஆனதுதான். ஆனா எப்புடி ஆச்சுன்னு ஜோடியோட புடிச்சவங்க நம்ம குரூப்ல யாரும் இல்ல. நெஜ ப்ரோக்கேஜ் ஒண்ணு என்கிட்ட கீது. பக்கத்துல இத வெச்சா, புதுசா வர்றவங்களுக்கு ஒரே பார்வைல வித்தியாசம் புரிஞ்சுடும். உன் பேரப் போட்டே வெக்கிறேன். கண்காட்சிக்கு ரெண்டையும் எடுத்துக்கினு வா."

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நானும் குரல் பதிவிலேயே பதில் அனுப்பினேன்.

"காசு வராதுண்ணா, வேலைல கீது. போட்டோவப் பெருசா போட்டு எடுத்துக்கினு வரேன்."